அடிப்படைப் பிக்கப்பா, ஆஃப்-ரோடு ரகமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஷோரூமில் ஒரே பெயர் கொண்ட இரண்டு பிக்கப்புகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், இரும்புச் சக்கரம், உள்ளே ரப்பர் தரை. மற்றதில் அகன்ற சக்கர வளைவு, முன்னால் சிவப்புக் கொக்கி, பக்கவாட்டில் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய ஸ்டிக்கர். விலை வித்தியாசத்தைக் கேட்டதும் எல்லோர் மனத்திலும் ஒரே கணக்கு ஓடுகிறது: மலிவானதை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் டயரையும் சஸ்பென்ஷனையும் நாமே மாற்றிக்கொண்டால் என்ன?

இந்தக் கணக்கு சிலருக்குச் சரியாக வரும். எனக்கு முதல் முறை தப்பாக வந்தது. காரணம், எதைப் பிறகு வாங்கலாம், எதைப் பிறகு வாங்கவே முடியாது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் ஒரே விதியைத்தான் சொல்கிறேன். அச்சுக்குள்ளும் கியர்பெட்டிக்குள்ளும் ஒளிந்திருக்கும் பொருள்களைத் தொழிற்சாலையிடமே வாங்குங்கள். வெளியே போல்ட் போட்டு முடுக்கும் பொருள்களை அவசரமில்லாமல் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த விதியின் விரிவுதான்.

முதல் படி: போன வருடத்தை எழுதுங்கள்

வரப்போகும் பயணங்களைப் பற்றிக் கனவு காணாமல், கடந்த 12 மாதங்களில் தார்ச் சாலையை விட்டு எத்தனை நாள் இறங்கினீர்கள், எந்த மாதிரித் தரையில் ஓட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கனவு எப்போதும் பாறை மலையில் போய் நிற்கும். தாளில் பெரும்பாலும் சரளைக்கல் சாலையும், மழைக்குப் பிந்தைய மண் பாதையும்தான் இருக்கும்.

தரைக்குத் தரை தேவை மாறுகிறது. சரளைச் சாலைக்கு நல்ல டயர் போதும். மணலில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டத் தெரிந்தால் சாதாரண நான்கு சக்கர இயக்கமே வெகுதூரம் கொண்டுபோகும். ஆழமான குழிகளும் பாறைகளும் உள்ள பாதையில்தான் டிஃபரென்ஷியல் லாக் (அச்சின் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது; சுருக்கமாக லாக்கர்), அடித்தட்டுக் காப்பு, மிக மெதுவாக ஊர்ந்து போக உதவும் தாழ்நிலைக் கியர் ஆகியவற்றின் அருமை தெரியும். திறந்தவெளியில் வேகமாகப் பறக்கத்தான் விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர்கள் தேவை. இந்த நான்கில் உங்கள் தாளில் எது அதிகம் என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

இரண்டாம் படி: ரகத்தின் பெயரை மறந்து, விவரத் தாளைப் பிரியுங்கள்

ஆஃப்-ரோடு என்ற சொல்லுக்கு யாரும் அளவுகோல் வைக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டி, டயர் மாற்றி, கறுப்புச் சக்கரம் போட்டதையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அச்சையே மாற்றியமைத்ததையும் அதே பெயரில் விற்கிறார்கள்.

டொயோட்டா டகோமாவின் 2016 முதல் 2023 வரையிலான தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஆர்டி ஸ்போர்ட் என்றொரு ரகம், டிஆர்டி ஆஃப்-ரோடு என்றொரு ரகம். ஸ்போர்ட் ரகத்தின் பானட் மேல் காற்று உறிஞ்சும் துளை போல ஒன்று எழுந்து நிற்கும்; அதற்கு வேலை எதுவும் கிடையாது, வெறும் அலங்காரம். ஆஃப்-ரோடு ரகத்தில் அந்த அலங்காரம் இல்லை. ஆனால் பின் அச்சில் மின்சார லாக்கர் இருக்கிறது, பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்கள் இருக்கின்றன. தள்ளி நின்று பார்த்தால் முன்னது முரட்டு வண்டி. படுத்துப் பார்த்தால் பின்னது.

மறுகோடியில் இருப்பவை வேறு சாதி. செவர்லே கொலராடோ இசட்ஆர்2 2017ஆம் ஆண்டு மாடலாக வந்தபோதே முன், பின் இரண்டு அச்சுகளிலும் லாக்கர்களும் மல்டிமேட்டிக் நிறுவனத்தின் சிறப்பு ஷாக்குகளும் அதில் இருந்தன. ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். ராம் பவர் வேகனில் தொழிற்சாலையிலேயே 12,000 பவுண்டு இழுவைத் திறன் கொண்ட வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் இயந்திரம்) பொருத்தி அனுப்புகிறார்கள். இவற்றை அடிப்படை ரகத்தில் நீங்களே உருவாக்குவதென்றால் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும்.

விவரத் தாளில் தேட வேண்டியவை இவை: பின் டிஃபரென்ஷியல் லாக் உண்டா, முன்னால் உண்டா, தாழ்நிலைக் கியரின் விகிதம் எவ்வளவு, அச்சு விகிதம் (டிஃபரென்ஷியலின் பல்சக்கர விகிதம்) எவ்வளவு, அடித்தட்டுக் காப்பு இரும்பா பிளாஸ்டிக்கா, சுமைத் திறன் எத்தனை கிலோ. தோல் இருக்கை, பெரிய திரை, சுற்றுப்புற விளக்கு எல்லாம் அதே தாளில் கூடவே வரும். ஆஃப்-ரோடு ரகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. அவை உங்களுக்கு வேண்டாதவையா? அப்படியென்றால் அந்தப் பங்கை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: பிறகு சேர்க்க முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்

இரு சக்கர இயக்க வண்டியை வாங்கிப் பிறகு நான்கு சக்கர இயக்கமாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், முன் அச்சுத் தண்டுகள், கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் மாற வேண்டும். அந்தச் செலவில் சரியான வண்டியையே வாங்கிவிடலாம். ஆகவே அடிப்படை ரகம் என்று நான் இங்கே சொல்வதெல்லாம் தாழ்நிலைக் கியருடன் கூடிய நான்கு சக்கர இயக்க வண்டியைத்தான்.

தாழ்நிலைக் கியரிலும் வித்தியாசம் உண்டு. ஜீப் கிளாடியேட்டரின் ஸ்போர்ட் ரகத்தில் அந்த விகிதம் 2.72. ரூபிகான் ரகத்தில் 4. இதன் பொருள், எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது, மற்றவை சமமாக இருந்தால், ரூபிகான் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் ஊர்ந்து போகும். பாறை மேல் ஏறும்போது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மாறி மாறி மிதித்து வண்டியைக் குதிக்கவிடாமல், நடந்து போவதுபோல ஏற்றிவிடலாம். இதைப் பிறகு வாங்குவது வலிமிகுந்த வேலை.

அடுத்தது லாக்கர். புதியவர்களுக்கு இது ஏன் இத்தனை முக்கியம் என்று புரிவதில்லை. ஒரு குறுக்குப் பள்ளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டி சாய்வாக இறங்குகிறது. முன்பக்கம் இடது சக்கரம், பின்பக்கம் வலது சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். அந்தரத்தில் தொங்கும் இரண்டு சக்கரங்களும் விசிறி மாதிரி சுற்றுகின்றன. தரையை அழுத்திக்கொண்டிருக்கும் மற்ற இரண்டும் அசையவில்லை. நான்கு சக்கர இயக்கம் போட்டிருக்கிறோமே என்று புலம்பிப் பயனில்லை. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் தரும். அந்தரத்துச் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையிலுள்ள சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைப்பதில்லை. லாக்கர் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே தண்டாகப் பூட்டிக்கொள்கின்றன. தரையிலுள்ள சக்கரம் சுற்றியே ஆக வேண்டும். வண்டி ஒரு முனகலோடு வெளியே வந்துவிடும்.

லாக்கர் இல்லாத புதிய பிக்கப்புகளில் கம்ப்யூட்டரே சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளுகிறது. இது மோசமில்லை. மிதமான பாதைக்குப் போதும். ஆனால் சக்கரம் முதலில் வழுக்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். தொடர்ந்து வேலை வாங்கினால் பிரேக் சூடாகும்.

லாக்கரைப் பிறகும் பொருத்தலாம். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் காற்றழுத்த லாக்கர் உலகெங்கும் பழகிய பொருள். ஆனால் டிஃபரென்ஷியலைத் திறந்து, பல்சக்கரங்களின் இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கணக்கில் அளந்து, தகடு வைத்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். தப்பாகப் பொருத்தினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அச்சு ஊளையிட ஆரம்பிக்கும். கூடவே கம்ப்ரஸர், வயரிங், சுவிட்ச், காற்றுக்குழாய். இதனால்தான் என் அபிப்பிராயம்: லாக்கர் கட்டாயம் வேண்டும் என்று உங்கள் தாள் சொன்னால், அதைத் தொழிற்சாலையிலேயே வாங்குங்கள். சில கம்பெனிகள் நடுத்தர ரகத்திலோ, அடிப்படை ரகத்தில் தனி விருப்பத் தேர்வாகவோ பின் லாக்கரைத் தருகின்றன. விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். பல பேருக்கு அதுதான் மிகச் சிறந்த வண்டி.

நான்காம் படி: பிறகு சேர்க்கக்கூடியவற்றின் உண்மைச் செலவு

டயரிலிருந்து தொடங்குவோம். எந்தப் பிக்கப்பிலும் முதல் மாற்றமாக இதைத்தான் செய்ய வேண்டும், மிக அதிகப் பலன் தருவதும் இதுதான். டயரின் பக்கச் சுவரில் 265/70 ஆர்17 என்று இருந்தால், 265 என்பது அகலம் மி.மீ.யில், 70 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் சுமார் 803 மி.மீ. வருகிறது. இதற்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. ஆக 28 மி.மீ. கூடுதல். இதில் பாதி, அதாவது 14 மி.மீ.தான் வண்டி உயரும். பெரிய டயர் போட்டதாக மார்தட்டிக்கொள்பவர்கள் சுண்டுவிரல் அகலம்தான் உயர்ந்திருக்கிறார்கள்.

அந்த 14 மி.மீ.யையும் ஏளனம் செய்ய வேண்டாம். பெரும்பாலான பிக்கப்புகளில் பின் அச்சு இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான துண்டாக இருக்கும். நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் பூசணிக்காய்தான் பாறையில் முதலில் இடிக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் உயரும், அந்தப் பூசணிக்காய் அங்கேயே இருக்கும். அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர்.

இனி கூடவே வரும் பின்விளைவுகள். விட்டம் 3.5 சதவீதம் கூடியதால் வேகமானி 100 காட்டும்போது, முன்பு காட்டிய அதே 100ஐவிட 3.5 சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசக்கூடும். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்க வேண்டும். அது வண்டிக்கு அடியில் பழைய இடத்தில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். கனமான டயர் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், நிறுத்த அதிக தூரம் கேட்கும். அளவைக் கூட்டாமல், அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர் (தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) மட்டும் மாற்றினால் இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவை வராது. புதியவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் அதைத்தான். கூடவே ஒரு சிறிய கம்ப்ரஸரும் அழுத்தமானியும். மணலில் 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கினால் டயரின் தடம் நீளமாகி வண்டி மிதந்து போகும்; தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி ஏற்றியாக வேண்டும்.

அடித்தட்டுக் காப்பும் பக்கவாட்டு ஸ்லைடரும் வீட்டு முற்றத்திலேயே பொருத்தக்கூடியவை. ஒரே எச்சரிக்கை: ஏறி இறங்க வைக்கும் படிக்கட்டு வேறு, ஸ்லைடர் வேறு. ஸ்லைடர் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிணைந்து வண்டியின் முழு எடையையும் பாறையில் தாங்க வேண்டும். படிக்கட்டு வளைந்து கதவை இடிக்கும்.

இழுவைக் கொக்கி பற்றி மட்டும் சற்று உரக்கச் சொல்கிறேன். அடிப்படை ரகத்தில் முன்னால் தெரியும் மெல்லிய வளையம் பல வண்டிகளில் கப்பலில் கட்டி அனுப்புவதற்கானது. சேற்றில் மாட்டிய வண்டியை அதில் கயிறு போட்டு இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும். டிரெய்லர் மாட்டும் உருண்டையிலும் கயிறு போடக் கூடாது. அது முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. திறன் அளவு குறிக்கப்பட்ட, சேஸிஸில் போல்ட் போட்ட மீட்புக் கொக்கிகளை முன்னும் பின்னும் வைத்த பிறகுதான் தனியாகவோ துணையோடோ எங்கும் கிளம்ப வேண்டும். ஆஃப்-ரோடு ரகத்தின் சிவப்புக் கொக்கி வெறும் அழகுப் பொருளா, மெய்யாகவே சேஸிஸில் போய்ச் சேர்கிறதா என்பதையும் படுத்துப் பாருங்கள்.

வின்ச் வாங்குவதானால், வண்டியின் அதிகபட்ச மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதாக இருக்கட்டும். கூடுதல் விளக்குகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, கடைசியில் வாங்கலாம்.

ஐந்தாம் படி: சஸ்பென்ஷனில் நிதானம்

வண்டியை உயர்த்துவதில் இரண்டு வழி. ஸ்பிரிங் மேல் ஒரு வளையத்தை வைத்துத் தள்ளி உயர்த்துவது மலிவு. உயரம் கிடைக்கும், சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் கூடாது. சரியான வழி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்து மாற்றுவது.

முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சுமார் 50 மி.மீ. வரை உயர்த்துவது பொதுவாகச் சமாளிக்கக்கூடியது. அதற்கு மேல் போனால் முன் அச்சுத் தண்டின் மூட்டுகள் செங்குத்தான கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் மேல் கைகளை மாற்றாமல் வீல் அலைன்மென்ட் சரிவராது. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியில் கேமரா, கிரில்லில் ரேடார் உள்ள வண்டியானால் தானியங்கி பிரேக் தவறான உயரத்திலிருந்து சாலையைப் பார்க்கும். அதை மறுபடி அளவு திருத்த வேண்டும். மாற்றித் தரும் பட்டறைக்கு அந்த வசதி இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

அடிப்படை ரகத்தின் ஷாக் எங்கே தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் பலகைபோல நெளிநெளியான மண் சாலையில் அரை மணி நேரம் ஓட்டினேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் வெளியே நழுவத் தொடங்கியது. நிறுத்திவிட்டு ஷாக்கைத் தொட்டேன்; விரலை உடனே இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. எண்ணெய் சூடாகி நுரைத்துவிட்டால் ஷாக் வெறும் குழாய்தான். ஆஃப்-ரோடு ரகங்களின் தடித்த ஷாக்குகளும், தனி எண்ணெய்க் கலமும் இந்தச் சூட்டை வெளியேற்றத்தான். இப்படிப்பட்ட சாலையில் நாள் முழுதும் ஓட்டுபவருக்கு அது ஆடம்பரம் ஆகாது.

ஆறாம் படி: எடை மேடைக்குப் போங்கள்

என் முதல் தவறு இங்கேதான் அம்பலமானது. அடிப்படை ரகம், நிறைய சுமைத் திறன் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு நாள் பயணத்துக்கு நிரப்பிய வண்டியை எடை மேடையில் ஏற்றினேன். மொத்த எடை வரம்புக்குள் இருந்தது. நிம்மதியோடு இறங்கப் போனவனை மேடைக்காரர் நிறுத்தி, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி பின்னால் நகர்த்தச் சொன்னார். எண் வந்தது. முன் அச்சின் வரம்பை அது தாண்டியிருந்தது. இரும்பு பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், தங்கள் எடையைவிட அதிகமாக அதை அழுத்துகின்றன. முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்ததன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு மாதிரிக் கணக்கு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,000 கிலோ, வெற்று எடை 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் 950 கிலோ. இரும்பு பம்பர் 60, வின்ச் 35, ஸ்லைடர் 45, அடித்தட்டு 30, டயர்களின் கூடுதல் எடை 25, பின்பெட்டிக் கூண்டு 70, கூரைக் கூடாரமும் தாங்கியும் 90, இழுப்பறை 60, இரண்டாம் பேட்டரி 25. கூட்டினால் 440. மீதி 510. நான்கு பெரியவர்கள் ஏறினால் 300 போய்விடும். தண்ணீர், மூட்டை முடிச்சு எல்லாவற்றுக்கும் 210 கிலோதான் மிச்சம். டிரெய்லர் இழுப்பவர் இன்னும் கவனிக்க வேண்டும்: டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்தும், அதுவும் இதே கணக்கில்தான் சேரும். வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தியா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு மாறும், கையேட்டில் பாருங்கள்.

ஆஃப்-ரோடு ரகம் வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம், அங்கே தொடக்கமே குறைவு. மென்மையான ஸ்பிரிங்குக்காகச் சுமைத் திறனை விட்டுக்கொடுத்திருப்பார்கள். சாதாரண ரேஞ்சர் ஒரு டன்னை ஒட்டிச் சுமக்கும், 3,500 கிலோ இழுக்கும். ரேஞ்சர் ராப்டர் 700 கிலோவை ஒட்டித்தான் சுமக்கும், 2,500 கிலோதான் இழுக்கும். வார நாட்களில் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவருக்கு அது தவறான வண்டி. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தவறான வண்டிதான்.

ஏழாம் படி: இரண்டு பத்தியாகப் பணக் கணக்கு

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் ஆஃப்-ரோடு ரகத்துக்கும் அடிப்படை ரகத்துக்கும் உள்ள விலை வித்தியாசம். வலது பக்கம், அந்த ரகத்தில் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பொருள்களை மட்டும் வெளியில் வாங்கும் விலை. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் கூலி, அலைன்மென்ட், அளவு திருத்தம், பட்டறையில் வண்டி நிற்கும் நாட்கள் என்று எழுதுங்கள். கழற்றும் பழைய டயரையும் ஷாக்கையும் விற்றால் வருவதைக் கழியுங்கள். அது பெரிய தொகையாக இருக்காது.

மூன்று விஷயங்கள் இந்தத் தாளில் தப்பிவிடும். வாகனக் கடன் வாங்குகிறவருக்கு ஆஃப்-ரோடு ரகத்தின் கூடுதல் விலையும் தவணைக்குள் போய்விடும். வெளியில் வாங்கும் பொருள்களுக்குப் பெரும்பாலும் ரொக்கம் எடுத்து வைக்க வேண்டும். விற்கும்போது ஆஃப்-ரோடு ரகம் தன் பெயருக்கே விலை பெறும். நீங்கள் ஆசையாகச் சேர்த்தவற்றுக்கு அடுத்தவர் பணம் தரமாட்டார், இவர் வண்டியை என்ன பாடு படுத்தினாரோ என்று சந்தேகம்தான் படுவார். கழற்றித் தனித்தனியாக விற்பதே மேல். மூன்றாவது, காப்பீடு. மாற்றங்களை எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

வாரன்டியைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளிப்பொருள் பொருத்தியதை மட்டுமே காரணம் காட்டி முழு வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்ட வேண்டும். உயர்த்திய வண்டியில் அச்சு மூட்டு உடைந்தால் அதைக் காட்டுவது அவர்களுக்குக் கடினமாக இருக்காது என்பதையும் யோசியுங்கள். மற்ற நாடுகளில் விதிகள் வேறு. உயரம், டயர் அளவு, பம்பர் ஆகியவற்றுக்கு எவ்வளவு மாற்றம் செல்லும், பதிவுச் சான்றில் குறிக்க வேண்டுமா என்பதைப் பொருள் வாங்கும் முன்பே உங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஏர்பேக் சென்சாருக்குப் பொருந்தும் என்று சான்றில்லாத பம்பரை எந்த நாட்டிலும் தொடாதீர்கள்.

யாருக்கு எது

வாரம் முழுக்கச் சுமை, எப்போதாவது மண் பாதை: அடிப்படை ரகம், அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர், மீட்புக் கொக்கிகள். இதற்கு மேல் ஒரு காசு செலவழிக்க வேண்டாம்.

மாதம் ஒரு முறையாவது குழியும் பாறையும் உள்ள பாதை: பின் லாக்கர் உள்ள நடுத்தர ரகம், பிறகு ஸ்லைடரும் அடித்தட்டும். இந்த வரிசையில் வருபவர்கள்தான் அதிகம்; ஆனால் ஷோரூமில் மேலே ஒரு படி ஏறிவிடுகிறார்கள்.

வேகமான திறந்தவெளியோ, முன் லாக்கர் வரை தேவைப்படும் பாறைப் பாதையோ உங்கள் உண்மையான பழக்கம் என்றால் முழு ஆஃப்-ரோடு ரகம்தான். அதை நீங்களே கட்டி முடிக்கும்போது செலவு அதைத் தாண்டியிருக்கும், ஒவ்வொரு பாகமும் வேறு வேறு ஆளின் யோசனையாக இருக்கும். ஆனால் மிகப் பெரிய டயர், மிக நீண்ட பயணச் சுமை என்று தொழிற்சாலை ரகத்தையும் தாண்டி எப்படியும் எல்லாவற்றையும் மாற்றப்போகிறவர் மறுபடி அடிப்படை ரகத்துக்கே வரலாம். கழற்றி எறியப்போகும் ஷாக்குக்கு ஏன் பணம்?

மூன்று வருடம் ஓடிய ஆஃப்-ரோடு ரகம் என்றொரு வழியும் இருக்கிறது. அதன் அடித்தட்டின் கீறல்களைப் பாருங்கள். கீறல் பயப்பட வேண்டியதில்லை, சேஸிஸில் நெளிவு இருந்தால் நடையைக் கட்டுங்கள். லாக்கர் பொத்தானை மண்தரையில் போட்டு, விளக்கு மினுங்காமல் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். தார்ச் சாலையில் இதைச் சோதித்து வண்டியைத் திருப்பாதீர்கள், அச்சுக்கு ஆகாது.

அடிப்படை ரகம் வாங்கிவிட்டீர்களா? வரிசை இது

முதல் ஆறு மாதம் டயர், கொக்கி, கம்ப்ரஸர், மண்வெட்டி, இழுவைக் கயிறு தவிர எதுவும் வேண்டாம். எங்கே இடிக்கிறது, எங்கே நிற்கிறது என்று வண்டியே சொல்லும். அடியில் இடித்தால் அடித்தட்டு; கதவுக்குக் கீழே இடித்தால் ஸ்லைடர்; எங்கும் இடிக்காமல் சக்கரம் மட்டும் சுழன்றால் அப்போது லாக்கரைப் பற்றி யோசிக்கலாம். சஸ்பென்ஷனை, பம்பரும் கூண்டும் சேர்த்த பிறகு வாங்குங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பை நிலையான சுமைக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னாலேயே வாங்கினால், வெறும் வண்டியில் கல்லாக இருக்கும், அல்லது சுமை ஏறியதும் தொய்ந்துவிடும்.

எதைப் பொருத்தினாலும் முதல் 500 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கொண்டு மறுபடி முடுக்குங்கள். முடுக்கியதும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகட்டுக்கு வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த முறை வண்டிக்கு அடியில் படுக்கும்போது கோடு எங்கே முறிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எந்த போல்ட் நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.